ஒரே கம்பி, இரண்டு டிரைவர்: லினக்ஸில் சுவிட்ச் யார் கையில்?

யங்கோனில் எங்கள் பட்டறை கோவில்களுக்கும் மண்டபங்களுக்கும் செய்து கொடுக்கும் ஒலிப்பெட்டிக்குள் ஒரு சின்ன ஏஆர்எம் கணினிப் போர்டு, அதில் லினக்ஸ் இயங்குதளம், இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயர் சிப். இரண்டு சிப்பையும் உறங்க வைக்கவும் எழுப்பவும் போர்டிலிருந்து வருவது ஒரே கம்பி: அதில் மின்னழுத்தம் மேலே இருந்தால் விழிப்பு, கீழே இறங்கினால் உறக்கம். போர்டை வடிவமைத்தவர் ஒரு பின்னை, அதாவது கம்பி இணையும் முனையை, மிச்சம் பிடித்துவிட்டார். அந்தச் சிக்கனத்துக்கான விலை மென்பொருள் எழுதுகிறவன் தலையில் விழுந்தது. இரண்டு சிப்புக்கும் டிரைவர், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருள், ஒன்றுதான் என்றாலும், லினக்ஸின் மையமான கெர்னல் அதைச் சிப்புக்கு ஒன்றாகத் தனித்தனியே ஓட்டுகிறது. ஒன்றுக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது. சுவிட்சை யாரிடம் கொடுப்பது?

முந்தியவருக்கே கொடுப்பதுதான் லினக்ஸின் இயல்பு. முதலில் வந்த டிரைவர் பின்னைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து வந்ததற்கு ‘பிஸி’ என்ற பிழை கிடைக்கும், அந்தச் சிப் எழவே எழாது. பாதி ஒலிப்பெட்டியை யாரும் வாங்கமாட்டார்கள்தான். ஆனாலும் சிக்கலை போர்டு எழும்போதே முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற இந்த முரட்டுத்தனம் எனக்குப் பிடிக்கும்.

இரண்டாவது வழி, 2018 வாக்கில் ரெகுலேட்டர்களின் (மின்னழுத்தத்தைச் சீராகக் கொடுக்கும் சுற்றுகளின்) தேவைக்காக வந்த ‘எனக்கு மட்டும் என்ற உரிமை வேண்டாம்’ என்று கெர்னலிடம் சொல்லும் கொடி. அதைப் போட்டுக் கேட்டால் ஒரே பின்னின் கைப்பிடி எல்லாருக்கும் கிடைக்கும். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது: எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள், யாருக்கு இன்னும் வேண்டும் என்று எவரும் கணக்கு வைப்பதில்லை. எங்கள் பெட்டியில் இதைப் போட்டால் நடப்பது இதுதான். இடப்பக்க டிரைவர் தன் வேலை முடிந்து கம்பியைக் கீழே இழுக்கிறது. அறிவிப்பின் நடுவிலேயே வலப்பக்கமும் வாயடைத்துப் போகிறது. கம்பி மறுபடி மேலே வந்தாலும் தீராது. பல ஆம்ப்ளிஃபயர் சிப்கள் உறங்கப் போகும்போது தம் ரெஜிஸ்டர்களை, அதாவது உள்ளே எழுதிவைத்த அமைப்புகளை, மறந்துவிடும். வலப்பக்க டிரைவரோ ஒலியளவை ஏற்கெனவே எழுதியாயிற்று என்ற நினைப்பிலேயே இருக்கும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. இங்கே சொல்லும் ஐந்து வழிகளில் நான் வேண்டாம் என்று அடித்துச் சொல்வது இதை மட்டும்தான்.

ரெகுலேட்டர் வழி குறுக்குவழி, ஆனால் வேலை செய்யும். கம்பியை ஒரு நிலையான மின்னழுத்த மூலத்தின் சுவிட்ச் என்று டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பில்) எழுதிவிட்டால், கெர்னலின் ரெகுலேட்டர் அமைப்பு பயனர்களை எண்ணத் தொடங்கிவிடும். கூட்டுக் குடித்தனத்தில் கடைசியாக வெளியே போகிறவர் வாசலைப் பூட்டுவது போல, கடைசி டிரைவர் விட்ட பிறகே கம்பி கீழே இறங்கும். ஆம்ப்ளிஃபயர் டிரைவர்களில் பல எப்படியும் மின் மூலத்தைக் கேட்பதால், பெரும்பாலும் டிரைவரில் கை வைக்க வேண்டாம். எழுந்து நிற்க எவ்வளவு நேரம் வேண்டும் என்பதையும் அங்கேயே குறித்துவிடலாம். குறை ஒன்றுதான்: டிவைஸ் ட்ரீ இருக்கும் வன்பொருளைச் சொல்ல வேண்டியது, அதில் இல்லாத ஒரு ரெகுலேட்டரை எழுதுகிறோம். பட்டறைத் தம்பி, “ஓடுகிறதே அண்ணா, பிறகென்ன?” என்கிறான். பிறகு அந்தக் கோப்பைப் படிக்கிறவன் போர்டில் அந்த ரெகுலேட்டரைத் தேடிக் கொண்டிருப்பான்.

சிப்களைத் தொடக்க நிலைக்குத் திருப்பும் கம்பிகளைக் கவனிக்கும் கெர்னலின் ரீசெட் அமைப்பு வழியே போவதுதான் எனக்கு நேர்மையாகப் படுகிறது. ஒரே ரீசெட் கம்பியைப் பகிர்ந்து கேட்கும் வசதி 2016-இல் வந்தது. இங்கும் எண்ணிக்கை உண்டு. பகிர்ந்து கேட்டால் எல்லாரும் பகிர்ந்தே கேட்க வேண்டும், ஒருவர் தனியாக வேண்டும் என்றால் கெர்னல் மறுத்துவிடும். அன்று இது போர்டின் முதன்மைச் சிப்புக்குள்ளேயே இருக்கும் ரீசெட் கட்டுப்படுத்திகளுக்கு மட்டும்தான். 2024-இல் சாதாரண ஜிபிஐஓ பின்னையும் (மென்பொருள் நேரே ஏற்றி இறக்கும் பொதுப் பின்னையும்) ரீசெட் போலக் காட்டும் டிரைவர் சேர்ந்தது. குவால்காம் ஒலிபெருக்கி சிப்கள் எங்களைப் போலவே ஒரே கம்பியில் தொங்கியதுதான் அதற்குத் தூண்டுதல். டிரைவர் ரீசெட் அமைப்பிடம் கேட்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பழைய டிரைவர் என்றால் சில வரிகளை மாற்ற வேண்டியிருக்கும்.

அந்தச் சில வரிகளும் வேண்டாம் என்பவர்களுக்கு, ஒரே பின்னைப் பலர் குறிப்பிட்டிருப்பதைத் தானே கண்டுபிடித்து, நடுவில் நின்று ஓட்டு எண்ணும் இடைமுகவர் ஒன்று 2025 இறுதியில் ஜிபிஐஓ பகுதியிலேயே சேர்ந்திருக்கிறது. திசை சரிதான். போர்டு விற்பவர் கொடுக்கும் பழைய கெர்னலோடு பிழைப்பு நடத்துகிற எங்களுக்கு அது வந்து சேர நாளாகும்.

சிப் கெர்னலின் கவனத்தைக் கூப்பிடும் இன்டரப்ட் கம்பியை மட்டும் எத்தனையோ காலமாகப் பகிர்கிறார்களே என்று கேட்கலாம். அது உள்ளே வரும் கம்பி. மணி அடித்தால் ஒவ்வொரு டிரைவரும் தன் சிப்பைக் கேட்டுப் பார்த்து, ‘என்னுடையது இல்லை’ என்று ஒதுங்கிக்கொள்ளலாம். 1,00,000 முறை அடித்து 99,900 முறைக்கு மேல் யாரும் ஏற்கவில்லை என்றால் கெர்னல் அந்தக் கம்பியையே மூடிவிடும். வெளியே போகும் கம்பியில் இந்த விசாரணைக்கு இடமில்லை. கீழே இழுத்தால் இழுத்ததுதான்.

ஆனால் எண்ணிக்கை வைக்கும் மூன்று வழிகளும் ஒரே இடத்தில் தோற்கின்றன. இந்த ஊரில் மின்சாரம் போவதும் வருவதும் அன்றாடம். எங்கள் போர்டு பேட்டரியில் தொடர்ந்து ஓடும், ஆம்ப்ளிஃபயர்களுக்கு வரும் மின்னழுத்தமோ இன்வெர்ட்டர் மாறும்போது ஒரு கணம் தொய்ந்து எழும். அப்போது ஒரு சிப் மட்டும் உறைந்து போகும், கேட்டதற்குப் பதில் சொல்லாது. அதை ரீசெட் செய்து எழுப்பத்தான் இந்தக் கம்பி. அதன் டிரைவர் கம்பியை விட்டாலும் பக்கத்து டிரைவர் இன்னும் பிடித்திருப்பதால் கம்பி அசையாது. ‘விழித்திரு’ என்பதைப் பங்கு போடலாம், ‘செத்துப் பிழை’ என்பதைப் பங்கு போட முடியாது.

அதனால் எங்கள் பெட்டியில் ரீசெட் வழிதான் ஓடுகிறது, கூடவே ஒரு சின்ன ஸ்கிரிப்டும். ஒரு சிப் பதில் சொல்லாவிட்டால் அந்த ஸ்கிரிப்ட் இரண்டு டிரைவர்களையும் கழற்றிவிடும். எண்ணிக்கை பூச்சியமாகி, கம்பி இறங்கி, மறுபடி மாட்டும்போது இரண்டும் புதிதாக எழும். நடுவில் ஒரு நொடி மௌனம். பூசை வேளையில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை, கல்யாண வீட்டில் உடனே கேட்பார்கள். அடுத்த போர்டுக்கு இரண்டு கம்பி கேட்டு எழுதியிருக்கிறோம்.