மலை எரியும் இரவில் எந்த அறை, எந்தக் காற்று?

மாசி, பங்குனியில் சேர்வராயன் மலைச் சரிவில் சருகு தீப்பிடிப்பது சேலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. கன்னங்குறிச்சிப் பக்கம் மொட்டை மாடியில் நின்றால் இருட்டில் சிவப்புக் கோடு தெரியும். வேடிக்கை பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கிவிடுவோம். தப்பு அங்கேதான். பகலில் சூடேறிய காற்று சரிவில் ஏறும்போது புகையும் ஏற்காட்டுப் பக்கம் போகும். பொழுது சாய்ந்ததும் காற்று குளிர்ந்து கீழே இறங்கும். சுற்றிலும் மலை இருப்பதால், இறங்கிய புகை வெயில் ஏறும்வரை ஊரை விட்டு நகராது.

செலவில்லாத வழி, எல்லாவற்றையும் சாத்திவிடுவது. கான்கிரீட் வீட்டில் ஓரளவு பலிக்கும். ஓட்டு வீட்டில் ஓட்டு இடுக்கே போதும், புகை வந்துவிடும். ஈரத்துணியை ஜன்னலில் கட்டச் சொல்வார் என் அம்மாயி. சாம்பல் அதில் ஒட்டும். நுரையீரலின் ஆழம்வரை போகும் துகள்களோ 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. துணி அவற்றைப் பிடிக்காது. அதோடு சேலத்து வெக்கையில் மூடிய அறை வயதானவர்களுக்குப் புகையளவு ஆபத்து.

அப்புறம் குளிர்ச்சிக்கு என்ன செய்வது? ஏர் கூலரைப் போடவே கூடாது. அது வெளிக்காற்றை இழுத்து ஈரமாக்கி உள்ளே தள்ளும் பெட்டி. புகையையும் சேர்த்தே தள்ளும். ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையே சுற்றவிடும், அதனால் பயமில்லை. ஆனால் அதன் சல்லடை தூசியைத்தான் பிடிக்கும், நுண்துகளை அல்ல. ஜன்னல் ஏசியாக இருந்தால் வெளிக்காற்றுக்கான திறப்பை மூடிவிடுங்கள்.

காற்றை உண்மையிலேயே சுத்தம் செய்வது ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் பியூரிஃபையர். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். வீடு முழுவதற்கும் ஒன்று வாங்கிக் கூடத்தில் வைப்பது வீண் செலவு. பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே இருக்கும் காற்று 34 கன மீட்டர். அது மணிக்கு ஐந்து முறை சுத்தமாக 170 கன மீட்டர் திறன் போதும். மணிக்கு எவ்வளவு சுத்தமான காற்றைத் தரும் என்று பெட்டியில் சிஏடிஆர் (CADR) என்ற பெயரில் போட்டிருக்கும் எண் அதுதான். ஓசோன் விடும் இயந்திரத்தை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எனக்குக் கையில் காசு ஒன்றுக்குத்தான் இருந்தால் ஏசியை விட்டு பியூரிஃபையரையே எடுப்பேன். வெக்கைக்கு மின்விசிறி இருக்கிறது. ஒரே அறை, வீட்டார் எல்லோரும் அதில், கதவடியில் பழைய துணி. உள்ளே கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, வற்றல் வறுப்பது எதுவும் வேண்டாம். புகைக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே சாம்பிராணி போடுகிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன்!

என்95 மாஸ்க் வெளியே போகிறவருக்கு. மூக்கோரம் இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். தாடி இருந்தால் பொருந்தாது. அதைப் போட்டுக்கொண்டு தூங்கவும் முடியாது.

ஓட்டு வீட்டுக்காரர்கள் இருட்டுவதற்குள் ஊருக்குள் கான்கிரீட் வீடு உள்ள சொந்தக்காரர் யாரிடமாவது படுக்கப் போய்விடுவது நல்லது. ஏற்காட்டில் இருப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ்: பகலில்தான் சாத்த வேண்டும். கீழே இருப்பவர்கள் காலை பத்து, பதினொரு மணிக்குப் புகை மேலெழுந்ததும் எல்லா ஜன்னலையும் திறந்து, மின்விசிறியைப் போட்டு, நேற்றைய காற்றை வெளியேற்றிவிடலாம்.