சின்ன சாட்டிலைட்டுக்கு எந்தப் பிழைதிருத்தக் கோடு (code)?

பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டை மாடி. இரண்டு அலுமினியக் கம்பிகளை V வடிவில் கட்டிய ஆன்டெனா. ரஷ்யாவின் மேட்டியோர் வானிலை சாட்டிலைட் 137.9 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் படம் லேப்டாப்பில் வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. சாட்டிலைட் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சாயச் சாய, திரையில் நான்கு கூரான புள்ளிகளாக இருந்த சிக்னல் கலங்கிப் பரவியது. படத்தில் மட்டும் ஒரு மாசு இல்லை. அப்புறம் திடீரென்று கறுப்புப் பட்டை.

"அண்ணா, சிக்னல் மெதுவாத்தானே குறைஞ்சுது? படம் ஏன் பட்டுனு போயிடுச்சு?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். அவள் கல்லூரியில் ஒரு சின்ன சாட்டிலைட் செய்யப் போகிறார்கள். வழியில் கெடும் பிட்டுகளைத் தரையில் சரிசெய்ய, தகவலோடு கூடுதல் பிட்டுகளைச் சேர்த்து அனுப்பும் முறைதான் பிழைதிருத்தக் கோடு. அதில் எந்தக் கோடு போடுவது என்று அங்கே பெரிய விவாதம்.

பிழைதிருத்தக் கோடின் குணமே அதுதான். ஒரு வரம்பு வரை முழுசாகக் காப்பாற்றும், அதைத் தாண்டினால் மொத்தமாகக் கைவிடும். மேட்டியோரில் இருப்பது பழைய ஜோடி: உள்ளே கன்வல்யூஷனல் கோடு, வெளியே ரீட்-சாலமன். உள்கோடைப் பிரிக்கும் விட்டர்பி முறை தவறும்போது பிழைகளைக் கொத்தாகக் கொட்டும். ரீட்-சாலமனோ பைட் கணக்கில் பார்க்கும். ஒரு பைட்டில் எட்டு பிட்டும் கெட்டாலும் அதற்கு ஒரே பிழைதான். 255 பைட்டில் 16 வரை சரிசெய்யும். முன்னவன் சறுக்குகிற இடத்தில் பின்னவன் கெட்டிக்காரன்.

கூடுதல் பிட்டுகளுக்கான விலை கடுமை. விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் பத்து நிமிடம் தலைக்கு மேல் கடந்தால் 720 கிலோபைட் ஓடும். இந்த ஜோடியைப் போட்டால் அதில் உருப்படியான தகவல் சுமார் 315 தான்.

அதனால்தான் சிலர் கோடே வேண்டாம், அமெச்சூர் ரேடியோக்காரர்கள் தகவலைத் தொகுப்புகளாக அனுப்பும் ஏஎக்ஸ்.25 முறை போதும் என்கிறார்கள். அதில் ஒரு பிட் கெட்டாலும் முழுத் தொகுப்பும் குப்பைக்குப் போகும், மறுபடி கேட்டு வாங்க வேண்டும். தாழ்வான சுற்றுப்பாதையில் கேட்டு வாங்கலாம், செவ்வாயிலிருந்து முடியாது. ஆனால் அடிவானத்தில் சிக்னல் மெலியும்போது, மறுபடி அனுப்பியதும் கெட்டுத்தான் வரும்.

மாணவர்களுக்கு ஆசை எல்டிபிசி என்ற கோடு மேல். இரைச்சல் உள்ள இணைப்பில் பிழையில்லாமல் எவ்வளவு அனுப்ப முடியும் என்று கணித மேதை ஷானன் 1948-இல் வரைந்த எல்லையை ஒட்டிப் போகிற கோடு; ஆசைப்படுவதில் தப்பில்லை. டிடிஎச் ஒளிபரப்புக்கான டிவிபி-எஸ்2 தரம் அதைத்தான் எடுத்துக்கொண்டது. அதன் முழு ஃபிரேம், அதாவது ஒரு தொகுப்பு, 64,800 பிட். விநாடிக்கு 3 கோடி பிட் ஓடும் இணைப்பில் அது இரண்டு மில்லிவிநாடிச் சமாச்சாரம். அதையே 9,600-இல் அனுப்பினால் 6.75 விநாடி! உருண்டுகொண்டே போகும் சின்ன சாட்டிலைட்டின் ஆன்டெனா அதற்குள் எத்தனை தடவை திசை மாறும்? நடுவில் இரண்டு விநாடி சிக்னல் செத்தால் ஃபிரேமே போச்சு. பழைய ஜோடியில் ஒரு தொகுப்புக்கு அரை விநாடிகூட ஆகாது. குட்டை எல்டிபிசியும் உண்டு, ஆனால் நீளம் குறையக் குறைய அதன் பலமும் குறையும்.

அதே எல்லையை நெருங்கும் இன்னொரு கோடான டர்போ கோடுக்கும் இதே கதை. 1993-இல் அது சிக்னல் இரைச்சலைவிட வெறும் 0.7 டெசிபெல் (ஒரு பிட்டுக்கான கணக்கில்) கூடுதலாக இருந்தபோதே வேலை செய்து காட்டியது 65,536 பிட் நீளத் தொகுப்பில். அந்த எண்ணை எடுத்துவந்து சின்னத் தொகுப்புக்குக் கணக்குப் போடக் கூடாது.

அவளிடம் நான் சொன்னது இது. சாட்டிலைட் உயரத்தில் இருக்கும்போது ரீட்-சாலமன் மட்டும் போடுங்கள், அதே பத்து நிமிடக் கணக்கில் 630 கிலோபைட் வரை கிடைக்கும். அடிவானத்தில் ஜோடிக்கு மாறுங்கள். கன்வல்யூஷனல் கோடுக்கு சாட்டிலைட்டில் தேவை ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டரும் சில எக்ஸ்-ஆர் கேட்டுகளும் கொண்ட எளிய மின்சுற்றுதான். பிரிக்கும் பாரம் தரையில் உள்ள லேப்டாப்புக்கு.

கட்டளை அனுப்பும் அப்லிங்க் வேறு விஷயம். அங்கே பிரிப்பது சாட்டிலைட், பவரைக் கூட்ட முடிவது நம்மால். 56 பிட்டுக்கு 7 சரிபார்ப்பு பிட் சேர்க்கும் பிசிஎச் என்ற சின்னக் கோடு போதும், அதுவும் திருத்துவதற்கு இல்லை, பிழையைக் கண்டுபிடிக்க மட்டும். கெட்ட கட்டளையை சாட்டிலைட் தூக்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கட்டும், நாம் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். தப்பாகத் திருத்தி, ரேடியோவை அணைக்கும் கட்டளையாகப் படித்துவிட்டால் அப்புறம் அதனிடம் பேச வழியில்லை.

அவள் நோட்டில் முதலில் எழுதியது அப்லிங்க் பற்றித்தான்.