இசட்/விஎம் அணுகல் கட்டுப்பாடு: டைரக்டரி கடவுச்சொல்லா, ராக்எஃபா?

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருந்தபடியே வெளிநாட்டு மெயின்பிரேம்களை (பெருங்கணினிகளை) நிர்வகிப்போர் பலர் இசட்/விஎம்மைக் கையாள்கிறார்கள். ஒரே மெயின்பிரேமில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் ஐபிஎம் மென்பொருள் அது. அதில் ஒவ்வொரு பயனருக்கும் பிரித்துத் தரப்படும் வட்டுப் பகுதிகளான மினிடிஸ்க்குகளைக் காக்க, டைரக்டரி கடவுச்சொல், ஐபிஎம்மின் பாதுகாப்பு மென்பொருளான ராக்எஃப் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதல் வழியில், வாசிக்கவும் எழுதவும் தனித்தனிக் கடவுச்சொற்கள், பயனர்களையும் அவர்களின் மினிடிஸ்க்குகளையும் வரையறுக்கும் யூசர் டைரக்டரியிலேயே இடம்பெறுகின்றன. தனிக் கட்டணம் இல்லை, கற்பதும் எளிது. ஆனால் மூல டைரக்டரிக் கோப்பில் அவை படிக்கத்தக்க எழுத்தாகவே கிடப்பதால், அக்கோப்பைத் திறக்க முடிந்தவர் அனைத்தையும் அறிந்துகொள்வார். ஒருவர் பணியிலிருந்து விலகினால், அவருக்குத் தெரிந்த ஒவ்வொரு கடவுச்சொல்லையும் மாற்றியாக வேண்டும். கடவுச்சொல்லுக்குப் பதில் 'ஆல்' என்று எழுதிவிட்டால் எவரும் கேள்வியின்றி அந்த மினிடிஸ்க்கோடு இணைந்துவிடலாம் என்பதும் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது.

ராக்எஃப், தனியாகக் கட்டணம் செலுத்திப் பெறும் கூறு. தனக்கென ஒரு சேவை இயந்திரத்தையும், அதாவது பின்னணியில் ஓடும் ஒரு மெய்நிகர் கணினியையும் கேட்கும். எனினும் அனுமதி ஆளுக்கே வழங்கப்படுவதால், விலகியவரின் அனுமதியை மட்டும் நீக்கினால் போதும்.

கோப்புப் பரிமாற்றத்தில் வேறுபாடு தெளிவாகத் தெரியும். முதல் வழியில் எஃப்டிபி (வலைவழிக் கோப்புப் பரிமாற்ற முறை) பயனர் மினிடிஸ்க் கடவுச்சொல்லையும் அனுப்ப நேரிடும். ராக்எஃபில் அது தேவையில்லை. இரண்டிலும், வலையில் செல்லும் தரவைப் பிறர் படிக்காமல் காக்கும் டிஎல்எஸ் குறியாக்கம் கட்டாயம் வேண்டும்.

எச்சரிக்கையைப் பொறுத்தவரை, முதல் வழியிலும் ஜர்னலிங்கை (முயற்சிகளைப் பதிவுசெய்யும் வசதியை) இயக்கினால் தவறான கடவுச்சொல் முயற்சிகள் தெரியவரும். ராக்எஃபின் தணிக்கைப் பதிவு இன்னும் விரிவானது. பலர் பகிரும் அமைப்புக்கு ராக்எஃபையே பரிந்துரைப்பேன். ஓரிருவர் மட்டும் தொடும் சோதனை அமைப்புக்கு டைரக்டரி போதும்.