புதியது என்று விற்கப்பட்ட பழைய லென்ஸ்: கார் படம் எடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை

பழைய கார் வாங்கி விற்பவர்களுக்காகக் கோவையில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொடுத்து வருகிறேன். இந்த வேலைக்கென்று நிக்கானின் ஏ.எஃப்-எஸ் டி.எக்ஸ் 35 மி.மீ. எஃப்/1.8ஜி லென்ஸைச் சென்னையில் உள்ள ஒரு கேமரா கடையிலிருந்து, புத்தம் புதியது என்ற உறுதிமொழியின் பேரில், 12,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வந்து சேர்ந்தது, முன்பே கீழே விழுந்து, யாரோ பிரித்துப் பூட்டிய லென்ஸ். கடையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. குறைந்த விலையில் பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் வசதி இல்லாத லென்ஸ், தேடுபவர்களிடம் இப்படிப்பட்ட பொருளை எவ்வாறு தள்ளிவிடுகிறார்கள் என்பதையும், கார் படம் எடுப்பவர் அதை எதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம் என்பதையுமே சொல்லப்போகிறேன்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி5600 கேமரா. கடைக்காரர் முதலில் எனக்கு விற்க முயன்றது 50 மி.மீ. லென்ஸை. "எல்லாரும் அதைத்தான் சார் வாங்குறாங்க, பின்னணி அப்படியே கரைஞ்சு போயிடும்" என்றார். முகங்களைப் படமெடுப்பவருக்கு அது நல்ல ஆலோசனையாக இருக்கலாம். காருக்கு அது சரிவராது. டி5600-இல் படத்தைப் பதியும் சென்சார் 23.5 மி.மீ. அகலம் கொண்டது. நம் ஊரில் அதிகம் ஓடும் சிறிய கார்கள் வரிச் சலுகைக்காக நான்கு மீட்டருக்குள் அடக்கப்பட்டவை. அப்படிப்பட்ட ஒரு காரைப் பக்கவாட்டில் நிறுத்தி, முன்னும் பின்னும் சிறிது இடம் விட்டு ஐந்து மீட்டர் அகலத்தைப் படத்துக்குள் கொண்டுவர வேண்டுமானால், 50 மி.மீ. லென்ஸோடு ஏறத்தாழ பத்தரை மீட்டர் பின்னே போக வேண்டும். முப்பது அடிச் சாலையின் மொத்த அகலமே ஒன்பது மீட்டர்தான், அதிலும் காரே ஒன்றே முக்கால் மீட்டர் வரை எடுத்துக்கொள்ளும் என்பதால், எதிர் வீட்டுச் சுற்றுச்சுவருக்குள் நின்றுதான் படமெடுக்க வேண்டியிருக்கும். 35 மி.மீ. என்றால் ஏழரை மீட்டர் போதும். 24 மி.மீ. என்றால் ஐந்து மீட்டரிலேயே முடிந்துவிடும். ஆனால் அவ்வளவு அருகில் நின்று முன்கோணத்தில் எடுக்கும்போது, நமக்கு நெருக்கமாக உள்ள முகப்பு விளக்கு உப்பியும் பின்பகுதி சுருங்கியும் தெரிவதால், காரை விற்பவர் விரும்பினாலும் வாங்க வருபவர் நேரில் பார்த்து ஏமாந்ததாக நினைப்பார். ஆகவே 35 என்பதில் நான் உறுதியாக இருந்தேன். கடைக்காரரும் ஒத்துக்கொண்டு, ஒரே ஒரு புதிய லென்ஸ் கையிருப்பில் இருப்பதாகச் சொன்னார்.

லென்ஸ் வேலை செய்வதைக் காட்டும் ஒரு காணொளியும் சில மாதிரிப் படங்களும் வாட்ஸ்அப்பில் வந்தன. மேசைமேல் வைத்த ஒரு பொம்மைக் காரை, லென்ஸில் ஒளி புகும் துளையை (அப்பெர்ச்சர்) எஃப்/1.8 என்ற முழு அளவுக்குத் திறந்து வைத்து, மிக அருகிலிருந்து எடுத்த படங்கள் அவை. பொம்மையின் முகப்பு நடுவில் கூர்மையாக இருந்தது. மற்றதெல்லாம் அழகாக மங்கியிருந்தது. காரே இருக்கிறதே என்று அதைப் பார்க்கும் யாருக்கும் மனம் நிறைந்துவிடும். அந்தப் படங்கள் ஏன் அப்படி எடுக்கப்பட்டன என்பது பிறகுதான் விளங்கியது. அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து அருகிலிருந்து எடுத்த படத்தில் ஓரங்கள் எப்படியும் மங்கலாகத்தான் இருக்கும் என்பதால், ஓரத்தில் லென்ஸுக்கு உள்ள குறை எதுவும் அதில் வெளிப்படவே வெளிப்படாது. உண்மையான காரை எஃப்/1.8-இல் எடுப்பதற்கான தேவையும் மிகக் குறைவு. 35 மி.மீ. லென்ஸோடு ஆறு மீட்டர் தள்ளி நின்று எஃப்/1.8-இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் இரண்டு மீட்டரை ஒட்டியே இருக்கும். முன்கோணத்தில் நிற்கும் காரின் நீளம் அதற்குள் அடங்காது, முகப்பு தெளிவாக இருந்தால் பின்விளக்கு கலங்கிவிடும். விற்பனைக்கான படங்களை, துளையைச் சுருக்கி, எஃப்/5.6-க்கும் எஃப்/8-க்கும் இடையில்தான் எடுக்கிறோம். அப்போது காரின் ஒரு முனை படத்தின் இடது ஓரத்தையும் மறுமுனை வலது ஓரத்தையும் தொட்டு நிற்கும். முகத்தைப் படமெடுப்பவர் ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விடக்கூடிய ஒரு குறை, காரைப் படமெடுப்பவரின் கண்ணில் முதல் நாளே பட்டுவிடும்.

எனக்கும் அதுவே நடந்தது. வெள்ளை நிற ஹேட்ச்பேக் ஒன்றைப் பக்கவாட்டில் நிறுத்தி எஃப்/5.6-இல் எடுத்தபோது, இடப்பக்கச் சக்கரத்தின் நட்டுகளை எண்ண முடிந்தது. வலப்பக்கச் சக்கரமோ எண்ணெய் தடவிய கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் இருந்தது. ஏழரை மீட்டர் தொலைவில், எஃப்/5.6-இல், நாலரை மீட்டரிலிருந்து இருபது மீட்டருக்கு மேல் வரை தெளிவாக விழ வேண்டும் என்பதால், ஃபோகஸின் ஆழம் போதவில்லை என்று சொல்ல இடமே இல்லை. காரைத் திருப்பி நிறுத்தச் சொல்லி மீண்டும் எடுத்தேன். மங்கியது அப்போதும் படத்தின் வலது ஓரமே. கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸை 35-இல் வைத்து அதே இடத்திலிருந்து எடுத்த படம் இரண்டு ஓரங்களிலும் ஒரே தெளிவோடு வந்தது.

லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளில் ஏதேனும் ஒன்று தன் அச்சிலிருந்து விலகினாலோ சாய்ந்தாலோ இந்தக் குறை ஏற்படும்; டீசென்டரிங் என்பார்கள். இந்த 35 மி.மீ. லென்ஸில் மொத்தம் எட்டுக் கண்ணாடிகள். ஒன்று இடம் பிசகினால் போதும், படத்தின் ஒரு பக்கம் போய்விடும். தொழிற்சாலையிலிருந்தே இக்குறையோடு வரும் லென்ஸ்களும் உண்டு என்றாலும், கீழே விழுந்த லென்ஸ்களிலும் அனுபவமில்லாத கை பிரித்துப் பூட்டிய லென்ஸ்களிலும் இதை அதிகம் காணலாம்.

படங்களை அனுப்பியதும் கடைக்காரர் சொன்ன பதில்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போயின. இந்த விலைக்கு வரும் பிரைம் லென்ஸின் குணமே அதுதான் என்றார் முதலில். பிறகு, கேமராவில் ஃபோகஸை நுணுக்கமாகத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றார். அந்தத் திருத்தும் வசதி டி5600-இல் கிடையாது; இருந்தாலும் அது முழுப் படத்தின் ஃபோகஸையும் முன்பின் நகர்த்துமே தவிர, ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்யாது. நான் காருக்கு நேராகக் கேமராவைப் பிடிக்கவில்லை என்பது அவருடைய மூன்றாவது பதில். அதற்கு விடை காண்பது எளிது. முக்காலியில் கேமராவைப் பொருத்தி, செங்கல் சுவரை லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து ஒரு படமும், கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு படமும் எடுத்தேன். பிழை என் பிடியில் இருந்திருந்தால் மங்கல் சுவரின் அதே முனையிலேயே நின்றிருக்கும். அது மறுமுனைக்குத் தாவியது. இந்த இரண்டு படங்களையும் அனுப்பிய பிறகு அவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

அதன் பின்னர் பெட்டியைத் துருவினேன். பெட்டியின் ஒட்டுச்சீட்டில் இருந்த சீரியல் எண்ணும் லென்ஸின் உடலில் இருந்த எண்ணும் முதல் நான்கு இலக்கங்கள் வரை ஒன்றாகவும் அதற்குப் பின் வேறாகவும் இருந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே எண் என்றுதான் தோன்றும். வேண்டுமென்றே நெருங்கிய எண்ணாகத் தேடி எடுத்திருப்பார்களோ என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை. வாரண்டி அட்டையில் எண் எழுதும் இடம் காலியாக இருந்தது. கேமராவோடு பொருந்தும் உலோக வளையத்தின் திருகாணி ஒன்றில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல் இருந்தது. அதிகாரப்பூர்வமான சேவை மையத்தில் காட்டியபோது, லென்ஸ் முன்பே பிரிக்கப்பட்டிருக்கிறது என்றும், அந்த எண்ணுக்கு இந்தியாவில் வாரண்டி இல்லை என்றும் எழுதிக் கொடுத்தார்கள். பழுது நீக்க அவர்கள் சொன்ன தொகை லென்ஸின் விலையில் பாதியைத் தாண்டியது.

இந்த விவகாரத்தில் மிகவும் திட்டமிட்டுச் செய்யப்பட்டது பில்தான் என்று கருதுகிறேன். வாட்ஸ்அப்பில் லென்ஸின் முழுப் பெயரையும் "புத்தம் புதியது" என்ற சொல்லையும் எழுதியவர், பில்லில் "கேமரா உதிரிப்பொருள் - 1" என்று மட்டும் எழுதியிருந்தார். சீரியல் எண் இல்லை. அடியில், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று அச்சிட்டிருந்தது. அந்த வரியைப் பார்த்துப் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுக்கொண்டு பணம் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. பில் கொடுக்காமல் விற்பதும் அந்த வகையில்தான் சேரும். வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், கோவையில் இருப்பவர் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டுகள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அங்கே புகாரை விற்றவருக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஆணையிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. வாடிக்கையாளர் கீழே போட்டுவிட்டார் என்று கடையிலிருந்து பதில் வந்தது. நல்லவேளையாக, பெட்டியைத் திறப்பதிலிருந்து லென்ஸைக் கேமராவில் பொருத்துவது வரை வெட்டில்லாமல் எடுத்த காணொளி என்னிடம் இருந்தது. திருகாணியின் கீறல் அதில் தெளிவாகவே தெரிகிறது. அதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் சேவை மையத்தின் குறிப்பையும் இணைத்து, ஆணையத்துக்குப் போகப்போவதாக விரைவு அஞ்சலில் ஓர் அறிவிப்பு அனுப்பினேன். அதன்பின்தான் அழைப்பு வந்தது. "இதுக்குப் போய் ஏன் சார் கேஸு கீஸுன்னு" என்று தொடங்கி, லென்ஸைத் திருப்பி அனுப்பியதும் 12,500 ரூபாயையும் வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டார். இடையில் கை நழுவிப் போன வேலைகளுக்குக் கணக்கு யாரிடமும் இல்லை.

இப்போது வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுக்கும் முன் தங்கள் சொந்தக் கேமராவில் லென்ஸைப் பொருத்திப் பார்க்க வேண்டும். கடைக்காரரின் கேமராவில் ஓடுவது உங்கள் கேமராவிலும் ஓடும் என்பதற்கு உறுதியில்லை. நிக்கானின் பழைய ஏ.எஃப் 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸ் டி7200-இல் தானாக ஃபோகஸ் செய்யும், ஃபோகஸ் மோட்டார் இல்லாத டி5600-இலும் டி3400-இலும் செய்யாது. பிறகு கடை வாசலுக்கு வந்து, தொலைவில் உள்ள ஒரு பெயர்ப்பலகையை ஃபோகஸ் செய்து, ஃபோகஸைக் கைமுறைக்கு மாற்றி, எஃப்/5.6-இல் அந்தப் பலகையைப் படத்தின் இடது ஓரத்தில் ஒருமுறையும் வலது ஓரத்தில் ஒருமுறையும் வைத்து எடுத்து, திரையில் பெரிதாக்கி எழுத்துகளை ஒப்பிட்டால் போதும். நடுப்பகுதியைவிட ஓரங்கள் இரண்டும் சற்று மென்மையாக இருப்பது விலை குறைந்த லென்ஸில் இயல்பு. ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தால் வாங்க வேண்டாம். பெட்டி, லென்ஸ், வாரண்டி அட்டை மூன்றிலும் சீரியல் எண்ணைக் கடைசி இலக்கம் வரை படித்துவிட்டு, அதே எண்ணை பில்லில் எழுதச் சொல்ல வேண்டும். எழுத மறுக்கும் கடையில் பேச்சைத் தொடர வேண்டியதில்லை. அஞ்சலில் வாங்குபவர்கள், ஓரங்களைக் காட்டும் படத்தை எஃப்/5.6-இல் எடுத்து, குறுக்காமல் மூலக் கோப்பாகவே அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடுவதால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் திருப்பி அனுப்பிய அதே லென்ஸ் மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது. விளம்பரத்தில் அதே பொம்மைக் கார் படங்கள். இம்முறையும் "புதியது, பெட்டியோடு" என்ற குறிப்பு, விலை மட்டும் 11,000 ரூபாய். லென்ஸின் பின்புறத்தைக் காட்டும் ஒரு படமும் அதில் இருக்கிறது. உலோக வளையத்தில், தொடர்பு முனைகளுக்கு நேர் எதிரே உள்ள திருகாணியின் தலையிலிருந்து வெளிப்புறமாக ஓடும் கீறல் ஒன்று அதில் தெரிந்தால், அது நான் சொல்லும் லென்ஸ்தான்.