46 பக்க ரிப்போர்ட்டில் சிக்காத தண்ணீர்

பெங்களூரில் பழைய ஃபிளாட் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள், முக்கியமாக ஹொரமாவு, ராமமூர்த்தி நகர் பக்கம் தேடுகிற நம் ஆட்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது ஒன்றரை லட்சம் ரூபாய் சொச்சம். அதில் 9,000 ரூபாய், வாங்குவதற்கு முன் ஒரு இன்ஸ்பெக்டரை வைத்து வீட்டைச் சோதித்து, 'வீட்டில் குறை எதுவும் இல்லை' என்று எழுதி வாங்கிக்கொள்ள நானே கொடுத்த பணம்.

2025 ஜனவரியில் ஹொரமாவில் மூன்றாவது மாடியில் ஒரு டூ பெட்ரூம் ஃபிளாட் பிடித்துப்போனது. புரோக்கர் கிருஷ்ணகிரிக்காரர். நான் தர்மபுரி. பேச்சு ஒட்டிக்கொள்ள அது போதாதா? "வாங்குறதுக்கு முன்னாடி ஒரு இன்ஸ்பெக்‌ஷன் பண்ணிடுங்கண்ணா, உங்க நிம்மதிக்குத்தான்" என்று அவரே ஒரு நம்பரும் கொடுத்தார். எவ்வளவு நேர்மையான மனிதர் என்று வீட்டில் பாராட்டிப் பேசினேன். இப்போதும் என் மனைவி அதை அவ்வப்போது நினைவுபடுத்துகிறாள்.

வந்தவரிடம் தெர்மல் கேமரா, ஈரப்பத மீட்டர், லேசர் அளவுகோல் எல்லாம் இருந்தன. 40 நிமிடத்தில் வேலையை முடித்தார். மறுநாள் 46 பக்க ரிப்போர்ட் வந்தது. சுவர் எல்லாம் நீலமும் ஆரஞ்சுமாக ஸ்கேன் எடுத்த மாதிரி படங்கள். குறை என்று இருந்தவை: பால்கனி கதவுப் பிடி லூஸ், இரண்டு டைலில் கீறல், கிச்சன் ஜன்னல் சிலிக்கான் உரிந்திருக்கிறது. அவ்வளவுதான்.

அன்று ராத்திரி அப்பா போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாத்ரூம்ல தண்ணி கட்டி நிறுத்திப் பாத்தாங்களா?" அவர் ஊரில் தன் கையால் வீடு கட்டியவர். "அதெல்லாம் மெஷின் வெச்சே பாத்துட்டாங்கப்பா" என்றேன். அவர் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

பிப்ரவரி கடைசியில் பத்திரப்பதிவு. மே மாதம் குடிவந்தோம். ஜூலையில் பெட்ரூம் வார்ட்ரோபுக்குப் பின்னால் சுவர் பொரிந்து உப்புப் பூக்க ஆரம்பித்தது. தரையிலிருந்து ஒரு முழ உயரம் வரை, கை வைத்தால் மாவு மாதிரி வெள்ளையாக உதிர்ந்தது. மழை ஈரம் என்று நினைத்தேன். ஆனால் அது வெளிச்சுவர் இல்லை. அந்தப் பக்கம் இருப்பது பாத்ரூம். அதே வாரம் கீழ் வீட்டு ஆன்ட்டி ஏறி வந்தார். "மேலிந்த நீரு பர்தா இதெ" (மேலேயிருந்து தண்ணீர் வருகிறது) என்று கன்னடத்தில் ஆரம்பித்து, நான் முழிப்பதைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். இரண்டு வருடமாக அவர் பாத்ரூம் சீலிங்கில் சொட்டுகிறதாம். பழைய ஓனரிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். நாங்கள் வீடு பார்க்க வருவதற்கு நாலு மாதம் முன்பே வீட்டைப் பூட்டிவிட்டதால் சொட்டு நின்றிருந்தது. நாங்கள் குளிக்க ஆரம்பித்ததும் திரும்ப வந்துவிட்டது. "வாங்குறதுக்கு முன்னால நீங்க வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்.

இங்கே அபார்ட்மென்டுகளில் பாத்ரூம் தரையை மட்டும் பள்ளமாக இறக்கி கான்கிரீட் போடுகிறார்கள். அதற்குள் பைப்பை ஓட்டி, செங்கல் ஜல்லி நிரப்பி, மேலே டைல் ஒட்டிவிடுவார்கள். உள்ளே ஒரு ஜாயின்ட் விட்டால் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தொட்டி போல் தேங்கி, மெதுவாகப் பக்கத்துச் சுவரில் ஏறும், கீழ் வீட்டில் இறங்கும். தெர்மல் கேமரா சுவருக்குள் ஊடுருவிப் பார்ப்பதில்லை. மேற்பரப்பின் சூட்டு வித்தியாசத்தை மட்டும்தான் காட்டும். நாலு மாதம் காய்ந்து, புது பெயின்டும் அடித்த சுவரில் அது எதைக் காட்டும்? அதற்காகத்தான் பாத்ரூம் டிரெயினை அடைத்து, 24 அல்லது 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்திவிட்டு, கீழே போய்ப் பார்ப்பது. ஈரப்பத மீட்டரையாவது பாத்ரூமை ஒட்டிய சுவரில், ஸ்கர்ட்டிங்குக்கு (சுவரடி டைல் பட்டைக்கு) மேலே வைத்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் உள்ள போட்டோவில் மீட்டர் ஹால் சுவரில், நெஞ்சு உயரத்தில் இருக்கிறது.

அந்த ரிப்போர்ட்டை நான் முழுசாகப் படித்ததே அப்போதுதான். 31-ஆம் பக்கத்தில் 'மூன்றாவது படுக்கையறை: நன்று' என்று இருக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு! கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில்: கண்ணுக்குத் தெரியும் பகுதிகளை மட்டுமே பார்த்தோம், தண்ணீர் தேக்கும் சோதனை இதில் அடங்காது, எங்கள் பொறுப்பு வாங்கிய கட்டணத்தோடு முடிந்தது.

எனக்கு அதிகம் வயிறெரிவது வேறு விஷயத்தில். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையையோ வேலையில் உள்ள குறையையோ பில்டருக்குத் தெரிவித்தால், 30 நாளில் அவர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். எங்கள் வீட்டின் பொசெஷன் லெட்டர் (பில்டர் வீட்டை ஒப்படைத்த கடிதம்) தேதி 2020 பிப்ரவரி 24. இன்ஸ்பெக்‌ஷன் நடந்தது 2025 ஜனவரி 18. ஐந்து வாரம் பாக்கி இருந்தது. கசிவு அன்றைக்குத் தெரிந்திருந்தால், விற்றவரை வைத்தே பில்டருக்கு ஒரு மெயில் போட வைத்துவிட்டுப் பத்திரம் பதிந்திருப்பேன். கீழ் வீட்டு ஆன்ட்டியும் பழைய ஓனரிடம் எல்லாம் வாய்வார்த்தையாகத்தான் சொல்லியிருந்தார், எழுத்தில் எதுவும் இல்லை.

கரண்ட் கதை இன்னொன்று. ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்ட என் மனைவிக்கு ஷாக் அடித்தது. எலெக்ட்ரீஷியன் வந்து, வீட்டின் சுவிட்ச் எல்லாம் இருக்கும் டிபி பெட்டியைத் திறந்தார். 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே தானாக விழுந்து சப்ளையைத் துண்டிக்க வேண்டிய ஆர்.சி.சி.பி. சுவிட்சை யாரோ பைபாஸ் செய்திருந்தார்கள். அடிக்கடி விழுந்து தொல்லை கொடுத்திருக்கும், ஒயரை நேராகக் கொடுத்துவிட்டார்கள். வாஷிங் மெஷின் வைக்கும் யுட்டிலிட்டியில் இருந்த மூணு பின் பிளக்குக்கு எர்த்தே இல்லை. ரிப்போர்ட்டில் 'மின் அமைப்பு: நன்று'. டெஸ்ட் பட்டனை அமுக்கி, வீட்டில் கரண்ட் போகிறதா என்று பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிளக் டெஸ்டரைச் செருகினால் எர்த் இல்லாததும் தெரிந்துவிடும்.

பாத்ரூமை உடைத்துத் திரும்பக் கட்ட 16 நாள், 1,18,000 ரூபாய். ஆன்ட்டி வீட்டு சீலிங்குக்கு 14,000. வயரிங் 11,500. இன்ஸ்பெக்டருக்கு போன் செய்தால், அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பாதி விலை தருகிறேன் என்றார்! அடுத்த வீடு வாங்கும் நிலையிலா இருக்கிறேன்? புரோக்கரோ, "பழைய வீடுன்னா அப்படித்தாண்ணா இருக்கும்" என்றார்.

இன்ஸ்பெக்‌ஷனே வீண் என்று நான் சொல்லவில்லை. ஆளை நீங்களே தேடிப் பிடியுங்கள். விற்பனை நடந்தால் கமிஷன் பார்க்கிறவர் கை காட்டும் ஆள் வேண்டாம். தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்ப்பாயா, டிபி பெட்டியைத் திறப்பாயா என்று முதலிலேயே கேளுங்கள். வீடு பூட்டிக் கிடந்ததா, எத்தனை மாதமாக என்று விசாரியுங்கள். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது பெயின்ட் என்றால் சந்தேகப்படுங்கள். பொசெஷன் லெட்டர் தேதியைப் பார்த்து ஐந்து வருடத்தைக் கணக்குப் போடுங்கள். அப்புறம், கூச்சப்படாமல் கீழ் வீட்டுக் கதவைத் தட்டிவிடுங்கள்.

போன வாரம் அதே புரோக்கர் கூப்பிட்டார். எங்களுக்கு நேர் மேலே நாலாவது மாடி விற்பனைக்கு வருகிறதாம், தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லச் சொன்னார். "இன்ஸ்பெக்‌ஷன் நம்ம ஆளே பண்ணிடுவாருண்ணா." அந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு: கீழே மூன்றாவது மாடியில் இருப்பது நான்தான். எங்கள் பாத்ரூம் சீலிங்கில் ஒரு மஞ்சள் வட்டம் இருக்கிறது, வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.