பரவளையம் நடத்த எது நல்லது: வரைபடத்தாளா, வீடியோவா, ஜியோஜீப்ராவா?

போனோடு வளர்ந்த பிள்ளைகளுக்குத் திரையில் காட்டினால்தான் ஏறும் என்று பலரும் நம்புகிறார்கள். 2001இல் கல்வி எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி இவர்களை 'டிஜிட்டல் பூர்வகுடிகள்' என்று எழுதியதிலிருந்தே இந்தப் பேச்சு ஓடுகிறது. எனக்கு உடன்பாடில்லை. ரீல்ஸ் தள்ளும் விரலுக்குக் கணக்கும் தானாக வந்துவிடாது. பத்தாம் வகுப்பில் 8 மதிப்பெண்ணுக்கு வரும் இருபடி வரைபடத்தையே, அதாவது பரவளையம் என்னும் வளைவையே எடுத்துக்கொள்வோம்.

வீடியோவுக்கு ஒரு நல்ல பயன் உண்டு. வகுப்புக்கு வராத பிள்ளை வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் பலர் இரட்டை வேகத்தில் ஓட்டிவிட்டு, புரிந்துவிட்டது என்று எழுந்துவிடுகிறார்கள். வரைந்தது அவர்கள் கை இல்லையே.

வரைபடத்தாளில் அப்படித் தப்பிக்க முடியாது. ஒய் = எக்ஸ்² + எக்ஸ் − 2 என்று கொடுங்கள். எக்ஸ் −3 ஆகும்போது விடை 4 வர வேண்டும். ஆனால் −3இன் வர்க்கத்தை −9 என்று போடும் பிள்ளைக்கு −14 வரும். புள்ளி எங்கோ கீழே போய் விழும், வளைவு உடையும். "ஏன் இது மட்டும் தனியா நிக்குது?" என்று அந்தப் பிள்ளையே கேட்கும். அந்தக் கேள்விக்காகவே நான் தாளை விடமாட்டேன். அட்டவணை போட நேரம் ஆகும்தான், ஆகட்டும்.

தாளால் முடியாத ஒன்று இருக்கிறது, அங்கேதான் ஜியோஜீப்ரா வேண்டும். வரைபடத்தைத் திரையில் வரைந்து மாற்றிப் பார்க்க, மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் தொடங்கிய மென்பொருள் இது, இலவசமாகக் கிடைக்கிறது. நம் பாடப்புத்தகத்தின் இணையச் செயல்பாட்டிலும் கியூஆர் கோடோடு வருகிறது. எக்ஸ்²-இன் கெழுவுக்கு (அதன் முன்னால் நிற்கும் எண்ணுக்கு) ஒரு ஸ்லைடர் வைத்து 1இலிருந்து 3க்கு நகர்த்தினால் வளைவு குறுகும். பூஜ்ஜியத்தை நெருங்கினால் விரியும், பூஜ்ஜியத்தில் நேர்கோடாகும், அதற்கும் கீழே போனால் கவிழும். தாளில் இதற்கு ஐந்தாறு அட்டவணை போட வேண்டும். ஆனால் ஸ்லைடரைத் தொடுவதற்கு முன், "இப்போ என்ன ஆகும்?" என்று கேட்டு வாயால் சொல்ல வைக்க வேண்டும். கேட்காவிட்டால் இதுவும் இன்னொரு வீடியோதான்.

அதனால் முதலில் தாளில் இரண்டு வளைவுகள், அப்புறம் ஜியோஜீப்ரா. வீடியோ, வகுப்புக்கு வராதவர்களுக்கு மட்டும். ஆளுக்கொரு டேப்லெட் தேவையில்லை. ஆசிரியரின் ஒரே லேப்டாப்பும் புரொஜெக்டரும் இருந்தால் ஒரு வகுப்புக்குப் போதும்.