கோவிட்19இந்தியா தளம்: எண் சரி, தேதியைப் பார்த்து எடுங்கள்

கொரோனா எண்ணிக்கையை நாள்தோறும் மாநிலம், மாவட்டம் வாரியாகக் காட்டத் தன்னார்வலர்கள் நடத்திய இந்தத் தளம் 2021 அக்டோபர் 31-ஓடு நின்றுபோனது. இப்போது எதற்கு ரிவ்யூ என்றால், அன்று இறக்கி வைத்த சிஎஸ்வி கோப்புகளை (எக்செல் மாதிரி அட்டவணைகள்) நான் இன்னும் நோண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாவட்ட வாரியாகப் பார்க்க இவ்வளவு வசதியாக வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பாதிப்பு சிவப்பு, குணமானது பச்சை, இறப்பு சாம்பல். ஈரோடு, திருப்பூர் என்று நம்ம பக்கத்து ஊர்களைத் தனித்தனியாகப் பார்க்கலாம், அரசு பிடிஎஃப்பை உருட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். 2021 மே கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே முந்தியது இதில் பளிச்சென்று தெரியும்.

ஆனால் அதிலிருப்பது அறிவித்த தேதி, காய்ச்சல் வந்த தேதி இல்லை. மாதிரி எடுத்து, லேபில் முடிவு வந்து, மாவட்டத்திலிருந்து சென்னைக்குப் போய் மாலை அறிக்கையில் ஏறுவதற்குள் நாட்கள் ஓடிவிடும். இறப்பில் இன்னும் மோசம்: 2020 ஜூலை 22 அன்று சென்னையில் விடுபட்டிருந்த 444 இறப்புகளை அரசு மொத்தமாகச் சேர்த்ததில், வரைபடக் கோட்டில் கம்பம் நட்ட மாதிரி ஒரு ஏற்றம். விவரம் தெரியாதவர்கள் அன்றைக்கே அத்தனை பேர் இறந்ததாக நினைப்பார்கள். இது தளத்தின் தப்பு இல்லை, அரசு சொன்னதை அப்படியே ஏற்றினார்கள், அவ்வளவுதான்.

என் குறை வேறு. மாநில அறிக்கையிலேயே ஒவ்வொரு இறப்புக்கும் ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதியும் இறந்த தேதியும் இருந்தன. அதையும் அட்டவணையில் தனி நெடுவரிசையாகப் போட்டிருந்தால், அறிவித்த தேதியிலிருந்து இறந்த தேதியைக் கழித்துத் தாமதத்தை நேராகவே பார்த்திருக்கலாம். சரி, சம்பளம் இல்லாமல் செய்தவர்களிடம் இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. ஐந்துக்கு நாலு.